அசையவே அசையாத முளை

இந்நிகழ்ச்சி எங்கள் குடும்பத்தில் பல வடிவங்களில் வழங்குகிறது. என் மனைவியின் ஊரான த்வாண்டேயில் சொல்லப்படும் வடிவத்தில் அந்த விலங்கு முதலை. என் மைத்துனர் சொல்லும் வடிவத்தில், என் மனைவியின் அத்தை அதன் முதுகில் அமர்ந்து ஆற்றைக் கடக்கிறார். இரண்டும் பொய். (அத்தை தம் அண்ணன் தோள்மீது மட்டுமே ஏறினார்.) ஆகவே, நான் கண்ணால் கண்டவற்றையும், படகோட்டி கோ சோ பின்னர்ச் சொல்லி அத்தையும் ஒப்புக்கொண்டவற்றையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். இத்திருத்தத்தால் எனக்கு நன்மை ஏதும் இல்லை. எல்லா வடிவங்களிலும் முட்டாள் நான்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பர்மாவில், போட்டாதாங்கின் கிழக்கோரத்தில், ஓடையொன்றின் கரையில் எங்கள் வீடு. முன்னமே என்னை இரண்டு இடங்களிலிருந்து பெண்வீட்டார் வந்து பார்த்துச் சென்று, மறுமொழி அனுப்பாமலே மறைந்திருந்தனர். மூன்றாவதாக வரவிருந்தவர்கள் வசந்தாவின் வீட்டார். வசந்தாவைக் கோயில் திருவிழாவில் ஒருமுறை பார்த்திருந்தேன். அந்த ஒருமுறையே எனக்குப் போதுமானதாக இருந்தது.

விருந்துக்கென அப்பா வாங்கி விட்டிருந்த நாட்டுக்கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமற்போய்க்கொண்டிருந்தன. அவற்றைத் தின்னும் விலங்கைப் பிடிக்க, அண்டைவீட்டிலிருந்து மரக்கூண்டு ஒன்றை இரவல் வாங்கி, மீன்தலையில் நாப்பி தடவி உள்ளே கட்டினார். (அந்த மீன்விழுதின் மணத்துக்கு விலங்கு வருகிறதோ இல்லையோ, விருந்தாளி ஓடிவிடுவார் என்றேன். அப்பா சிரிக்கவில்லை.)

"இந்த எடமும் போச்சுன்னா நீ கோழிக்குத்தான் தாலி கட்டணும்" என்றார். "அதுவும் மிஞ்சியிருந்தா."

காலை நீரேற்றத்தில், ஓடை நிறைந்திருந்தபோது வந்து சேர்ந்தார்கள்: வசந்தாவின் தந்தை மாணிக்கம், அவருடைய தங்கையாகிய அத்தை. மாணிக்கம் த்வாண்டேப் பக்கம் நெல் விளைவிப்பவர். பர்மியர்கள் அவரை 'ஊ தான் மாங்' என்று அழைப்பார்கள். ஆற்றுக்கு அப்பாலுள்ள டல்லாக் கரையிலிருந்து அவர்களை ஏற்றிவந்த கோ சோ, தம் சம்பான் படகை எங்கள் ஓடையில் நிறுத்திவிட்டுத் தேநீர்க்கடைக்குப் போய்விட்டார். மாலை நீரேற்றத்தில் திரும்புவதாக ஏற்பாடு.

நண்பகலில் கொல்லைப்புறத்தில் ஒரு கோழி அலறியது. போய்ப் பார்த்தால் ஒன்று குறைவு. மாணிக்கம் மாமா ஈரமண்ணில் இருந்த தடத்தைக் குனிந்து பார்த்தார்.

"தண்ணி உடும்பு" என்றார். பிறகு கூண்டைக் கால்விரலால் நெட்டினார். அது நகர்ந்தது. "என்னா தம்பி, சும்மா வச்சிருக்கீங்க? அஞ்சடி உடும்பு கூண்டோட எறங்கிப் போயிரும். கூண்டு பெருசில்ல தம்பி, அதக் கட்டுற முளைதான் பெருசு."

"இப்பவே கட்டிர்றேன் மாமா."

இதனை மாமா எனக்கு வைத்த தேர்வாகவே கொண்டேன். நீர் வற்றிய ஓடைக்கரையில் கூண்டைப் பூவரச மரத்தடிக்கு நகர்த்தி வைத்து, மூங்கில்முளை ஒன்றை அடித்தேன். இழுத்தேன், பாயசத்திலிருந்து கரண்டி வருவதுபோல் வந்தது. மும்முறை அடித்தேன்; மும்முறையும் வந்தது. அப்போதுதான் சற்றுத் தள்ளிச் சேற்றில் ஓங்கி நின்ற பருத்த மூங்கிற்கம்பைக் கண்டேன். கட்டிப்பிடித்துத் தொங்கினேன். அசையவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் எனக்காகவே நட்டுவைத்தது என்று நம்பி, தரையை ஒட்டிக் கயிற்றைக் கட்டினேன்; மறுமுனையைக் கூண்டில் பிணைத்தேன்.

அப்பால் சம்பான் ஒன்று சேற்றில் சாய்ந்து கிடந்ததையும் கண்டேன். அதிலிருந்து கம்புக்கு வந்த கயிற்றை ஆகாயத்தாமரை மூடியிருந்தது. படகு, கம்பு இரண்டையும் இணைத்துப் பார்க்கும் அறிவு மட்டும் அன்று என்னிடம் இல்லை.

"எப்படி?" என்றார் மாமா.

"ஆட்டிப் பாத்தேன் மாமா. பூமிய ஆட்டினாத்தான் அது ஆடும்."

மாமா அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார். என் திருமணம் அந்த நொடியில் முக்கால்பங்கு முடிந்திருந்தது.

மாலையில் ஓடை நிறைந்தது. கூண்டை எவரும் போய்ப் பார்க்கவில்லை. மாமாவும் அத்தையும் படகில் அமர்ந்தனர். கோ சோ நீரில் இளகிய சேற்றிலிருந்து கம்பைப் பிடுங்கிப் படகில் கிடத்தி, கரையை உந்தினார். கம்பில் இரண்டு கயிறுகள் இருந்தன. இரண்டையும் தம்முடையன என்றே எண்ணிச் சுருட்டத் தொடங்கினார்.

நான் கரையில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தேன். அப்போது பூவரச மரத்தடியிலிருந்து கூண்டு நடந்து வந்தது. நிதானமாக என்னைக் கடந்து நீரில் இறங்கியது. அதனுள்ளே உடும்பு இருந்தது. இரண்டு கண்களும் என்னையே பார்த்தன.

கூவியிருக்க வேண்டும். கூவவில்லை. அசைத்த கை அசைந்தவாறே இருந்தது.

களைக்கொடி சிக்கியிருப்பதாக எண்ணிய கோ சோ, பலமாக இழுத்துக் கூண்டைப் படகின் விளிம்பில் ஏற்றினார். கூண்டு தலைகீழாயிற்று, தொங்குகதவு தானே திறந்துகொண்டது. உடும்பு இறங்கியது. எவரும் அலறவில்லை. அத்தை அண்ணன் தோள்மீது ஏறினார். உடும்பு மாமாவின் சலவை லுங்கிமீது அவசரமின்றி நடந்து, மறுபக்கம் நீரில் இறங்கிச் சென்றது. அதன்பின் படகு சாய்ந்தது. மூவரும் இடுப்பளவு நீரில் நின்றனர்.

கரையேறியபோது மாமாவின் கையில் கம்பு இருந்தது. அப்பாவின் பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு, எங்கள் கூடத்தில் அமர்ந்து, என் முடிச்சை அவிழ்க்க முயன்றார். நெடுநேரம் முயன்றார். இறுதியில் அரிவாளால் அறுத்தார்.

"யாரு போட்டது?"

"நான்தான் மாமா."

"கம்பு யாருதுன்னு கேட்டீங்களா?"

"இல்ல மாமா."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது இடமும் போயிற்று என்று நானும் தரையைப் பார்த்தேன்.

"முளை பாக்கத் தெரியல" என்றார் மாமா. "முடிச்சு நின்னிருக்கு. முளைய எம்மவ பாத்துக்குவா."

பார்த்துக்கொண்டுதான் வருகிறாள். இந்நாள்வரை என் வீட்டில் கொடிக்கயிறோ கொசுவலையோ நான் கட்டப்போனால், அடுக்களையிலிருந்து வசந்தாவின் குரல் வரும்: "யாரு கம்புங்க அது?" உடனே பிள்ளைகள் உடும்பைப்போல் நாவை நீட்டிக் காட்டுவார்கள்.

மறுநாளும் எங்கள் கொல்லையில் ஒரு கோழி குறைந்தது. அந்த உடும்புதான் கோழிகளைத் தின்றதா, ஒரு பாவமும் அறியாத வேறோர் உடும்பைப் பிடித்தோமா என்பது தெரியாது.