முள்ளம்பன்றி வளைக்குள் கடல் ஆமை

ஒரு காட்டில் உலகநாதன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தான். இந்த மாதிரிக் கதைகளில் சிங்கத்துக்கு ராஜ்யம் கிடைக்கும், நரிக்கு அதிகாரம் கிடைக்கும், முள்ளம்பன்றிக்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிய விஷயம். இது உலகநாதனுக்கும் தெரியும். அதனால்தான் முன்ஜாக்கிரதையாக விலங்கியலில் எம்.எஸ்சி. படித்து வைத்திருந்தான். படித்து முடித்த பிறகுதான் விஷயம் புரிந்தது: விலங்கியல் படித்தவனுக்கு அந்தக் காட்டில் விலங்காக இருப்பதைத் தவிர வேறு வேலையே கிடையாது. அந்த வேலை படிக்காதவர்களுக்கும் கிடைத்துக்கொண்டிருந்தது.

ஆனால் அவனுக்கு ஒரு வளை இருந்தது. இலவ மரத்தடியில், எந்த மழைக்கும் தண்ணீர் இறங்காத மேட்டில், தாத்தா காலத்து வளை. மனைவி செண்பகவடிவு நிறைமாத கர்ப்பிணி. பிறக்கப் போகும் பிள்ளைக்கென்று உள்ளே தனி அறை ஒன்றை அவளே நகம் தேயத் தோண்டி முடித்திருந்தாள். "வேலை இல்லாட்டி என்னங்க, வீடு இருக்குல்ல" என்பாள். அந்த ஒரு வார்த்தையில்தான் உலகநாதனின் முள்ளெல்லாம் நிமிர்ந்து நின்றது.

அப்போதுதான் டவுன் மியூசியத்திலிருந்து வேலை வந்தது. அந்த மியூசியத்தில் காட்டின் பழைய ஆட்கள் பலர் பஞ்சு அடைத்து நிற்கிறார்கள். பட்டாம்பூச்சிகள் குண்டூசியில், தவளைகள் பாட்டிலில். யார், எப்போது, எங்கே பிடிபட்டார் என்று ஒவ்வொருவர் காலிலும் ஒரு சீட்டு. எந்த உயிர் எங்கே வாழ்ந்தது என்று ஆராய்ச்சிக்காரர்கள் வரைபடம் போட வேண்டுமாம். அதற்காகச் சீட்டுகளைப் படம் பிடித்து அனுப்புவார்கள். வீட்டிலிருந்தபடியே படித்து லேப்டாப்பில் ஏற்ற வேண்டும். வேலை தற்காலிகம்தான். மியூசியத்தில் நிரந்தரமாக இருப்பவர்கள் பஞ்சு அடைத்து நிற்பவர்கள் மட்டும்தானே!

முதல் நாள் முதல் படமே அவனைக் கலங்கடித்துவிட்டது. கண்ணாடிக் கண்ணோடு ஒரு முள்ளம்பன்றி. அந்த மூக்கு, அந்த முறைப்பு, சந்தேகமே இல்லை, தாத்தா! வடக்குச் சரிவில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர் திரும்பவே இல்லை என்று அப்பா சொல்லியிருந்தார். சீட்டில் 'வடக்குச் சரிவு, கல்லுப்பாலத்துக்கு மேற்கே' என்று தெளிவாக எழுதியிருந்தது. உலகநாதன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, வரைபடத்தில் கல்லுப்பாலத்தைத் தேடிப் பிடித்து, இம்மி பிசகாமல் புள்ளி வைத்தான். தாத்தாவுக்கு அதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டாமா?

அடுத்தடுத்து வந்த சீட்டுகள்தான் உயிரை வாங்கின. 'பெரிய மரத்தருகே' என்றது ஒன்று. காட்டில் எது சின்ன மரம்? 'ஆற்றுக்கு அந்தப் பக்கம்' என்றது இன்னொன்று. ஒரு பச்சோந்தியின் சீட்டில் 'சாப்பாட்டுக்குப் பிறகு' என்று மட்டும் இருந்தது. இடத்தைக் காட்டாமல் லேப்டாப் அடுத்த படத்துக்கு நகரவும் நகராது.

மேற்பார்வை பார்த்தவர் பரிமளா மேடம், கொக்கு. அவரிடம் போனில் கேட்டான்.

"தெரியலன்னா தெரியலன்னு போட்டு எனக்கு அனுப்புங்க உலகநாதன். நேர்மைதான் நமக்கு முக்கியம்" என்றார் மேடம். "அப்புறம், யாரு வேகமா முடிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் வேலை நீட்டிப்பு."

அப்படியே அனுப்பினான். 'ஏன் தெரியவில்லை?' என்று திருப்பி வந்தது. காரணம் எழுதினான். 'எப்போது தெரியவரும்?' என்று மறுபடி வந்தது. சரியான கழுத்தறுப்பு! வெறுத்துப்போய் உட்கார்ந்திருந்தவன் கண்ணில், வரைபடத்துக்குக் கீழே ஒரு பட்டன் பட்டது. 'நான் இருக்கும் இடம்' என்று போட்டிருந்தது. சும்மா அமுக்கிப் பார்த்தான். பச்சை டிக் விழுந்தது. கேள்வி எதுவும் வரவில்லை.

அவ்வளவுதான், வேலை சூடு பிடித்துவிட்டது. பச்சோந்தி அவன் வளையில் குடியேறியது. இருவாச்சி வந்தது, வரையாடு வந்தது, நீர்நாய் குடும்பத்தோடு வந்தது. மேடத்துக்கு வாயெல்லாம் பல். கொக்குக்கு ஏது பல் என்று கேட்காதீர்கள், அவ்வளவு சந்தோஷம்.

செண்பகவடிவு ஒரு நாள் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அது கடல் ஆமைல்லா? நம்ம வீட்டையா போடுறீங்க?"

"சும்மா ஒரு அடையாளத்துக்குத்தான். இதையெல்லாம் யாரு பாக்கப் போறா?"

"ஒருத்தரும் பாக்கலன்னா எதுக்கு இத்தனை பாடு?"

எம்.எஸ்சி.யில் இந்தக் கேள்விக்கு விடை சொல்லித் தரவில்லை. அவன் ஆமைக்கு டிக் வாங்கிவிட்டு அடுத்த படத்துக்குப் போனான்.

ஆனால் பார்த்தார்கள். வரைபடம் வெளிவந்தது. காடு முழுக்க வெளிறிக் கிடக்க, இலவ மரத்தடியில் மட்டும் ரத்தச் சிவப்பாக ஒரு புள்ளி. இத்தனை உயிர்கள் ஒரே இடத்தில் வாழ்ந்த அதிசயம் எங்குமே இல்லை என்று ஆராய்ச்சிக்காரர்கள் குதித்தார்கள். உயிர்வளக் காப்பு அலுவலர் நரி, காவல்காரர்களோடு வளை வாசலில் வந்து நின்றார்.

"யோவ், இருவாச்சி எங்க? வரையாடு எங்க? ஆமைய என்ன செஞ்ச?"

உலகநாதன் வாசலுக்கு ஓடி வந்தான். "ஐயா, நாங்க ரெண்டு பேருதான் இருக்கோம்."

"அதான் கேக்கேன். அத்தனை உயிரும் இருந்த இடத்துல இப்ப நீ மட்டும் இருக்கே. எல்லாத்தையும் விரட்டிட்டு இடத்தப் பிடிச்சிருக்கே. இன்னைக்கே காலி பண்ணணும்."

வேலை போனால் போகிறது என்று உண்மையைக் கொட்டிவிட்டான் உலகநாதன். "ஐயா, அதுங்க ஒண்ணும் இங்க இருந்ததில்ல. நான்தான் சோம்பேறித்தனப்பட்டு எல்லாத்துக்கும் என் வீட்டைப் போட்டேன்."

"சரிபார்த்த தரவய்யா இது! அத்தனைக்கும் பச்சை டிக் இருக்கு. உன் பேச்சுக்கு டிக் இருக்கா?"

"எங்க தாத்தா காலத்துல இருந்து இங்கதான்யா இருக்கோம்!"

நரி தன் லேப்டாப்பைத் திறந்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "முள்ளம்பன்றி... இந்தா, ஒண்ணே ஒண்ணு இருக்கு. வடக்குச் சரிவு, கல்லுப்பாலத்துக்கு மேற்கே. இம்மி பிசகாம போட்டிருக்கான். எவனோ நல்ல வேலைக்காரன். நீ இந்த இடத்து ஆளே இல்லய்யா."

உலகநாதன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மொத்த வேலையிலும் அவன் மனசாரச் செய்தது அது ஒன்றுதான். செண்பகவடிவு உள்ளே போய், பிள்ளைக்கென்று தோண்டிய அறையை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். வளையைச் சுற்றி வேலி போட்டார்கள். வாசலில் கடல் ஆமை படம் போட்டுப் பலகை நட்டார்கள்.

ரோட்டோரம் கிடந்த சிமென்ட் குழாய்க்குள் பிள்ளை பிறந்தது. மழை பெய்தால் ஒரு வாசலில் நுழைந்த தண்ணீர் மறு வாசலில் போனது. அந்த வாரமே பரிமளா மேடத்திடமிருந்து உத்தரவும் வந்தது: காட்டின் உயிர்வளத்தை உலகுக்குக் காட்டிய சிறந்த பணியாளருக்கு வேலை நீட்டிப்பு, தற்காலிகமாக. உலகநாதன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்துக் கொஞ்சம் அழுதான். பிறகு லேப்டாப்பைத் திறந்தான்.

முதல் படம் ஒரு சுண்டெலி. சீட்டில் 'ஒரு மழை நாளில்' என்றிருந்தது. பழக்கதோஷத்தில் கை பட்டனுக்குப் போயிற்று.

"கைய எடுங்க!" என்றாள் செண்பகவடிவு.

"சரி, தெரியலன்னே போட்டுடறேன்."

"உங்கள யாரு அப்படிப் போடச் சொன்னா? எந்திரிங்க. அதையும் தூக்கிக்கிட்டு வாங்க."

பிள்ளையை அணைத்துக்கொண்டு அவள் விறுவிறுவென்று முன்னே நடந்தாள். செம்பருத்தி வேலி போட்ட ஒரு பங்களாவின் வாசலில் போய் நின்றாள். "இங்க உக்காந்து பாருங்க. சிக்னல் நல்லா இருக்கும்."

உள்ளேயிருந்து நரியின் குரல் வந்தது. "யாருய்யா அது வாசல்ல?"

"நான்தாங்கய்யா, முள்ளம்பன்றி" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, உலகநாதன் பட்டனை அமுக்கினான். "கொஞ்சம் வேலை இருக்கு. முடிச்சிட்டுப் போயிடுறேன்."

பச்சை டிக் விழுந்தது.

நீதி: வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது உத்தமம். யார் வீட்டிலிருந்து என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.