கை அசையாத கணக்கு

ஒரு காட்டில், அகலமான ஆற்றின் கரையில், பரிசல்துறை ஒன்று இருந்தது. அங்கே பாரம் பார்த்து ஆள் ஏற்றும் வேலை வடிவாம்பாள் என்கிற மந்திக்கு. எருமை வந்தால் எத்தனை ஆட்டை இறக்கிவிட வேண்டும், காட்டுப்பன்றி குடும்பத்தோடு வந்தால் யாரைக் காக்கவைக்க வேண்டும் என்பதையெல்லாம் மனக்கணக்காகவே சொல்லிவிடுவாள். அப்போது விரல்கள் மட்டும் பேன் பார்ப்பதுபோல் காற்றில் துழாவிக்கொண்டிருக்கும். பரிசல் ஒருநாளும் கவிழ்ந்ததில்லை.

துறைக்கு அதிகாரியாக நரியார் ஒருவர் மாற்றலாகி வந்தார்.

“விரல் விட்டு எண்ணுறது குட்டிங்க பழக்கம்மா. வளர்ந்தவங்க மனசுக்குள்ள போடணும்,” என்றார்.

“மனசுக்குள்ளதாங்கய்யா போடுறேன். கை அதுபாட்டுக்கு ஆடுது.”

“கையைக் கட்டிக்கிட்டுப் போடுங்க, பார்ப்போம்.”

வடிவாம்பாள் கையைக் கட்டினாள். எருமைகளும் ஆடுகளும் தலைக்குள் முட்டிக்கொண்டு நின்றன. விடை வரவில்லை. இத்தனை வருஷமாகக் கணக்குப் போட்டது தானா, கையா என்று அவளுக்கே சந்தேகமாகிவிட்டது.

அடுத்து சாரைப்பாம்பு தேர்வுக்கு வந்தது. கேள்வி முடியுமுன்பே, “தாராளமா ஏறலாம்,” என்றது. கை அசையவில்லை. நரியார் அந்த நிதானத்தை மெச்சி, வேலையை அதற்கே கொடுத்தார்.

முதல் நடையிலேயே எருமைக் கூட்டத்தைப் பார்த்து, “தாராளமா ஏறலாம்,” என்றது பாம்பு. நடு ஆற்றில் பரிசல் கவிழ்ந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களை இழுத்துக்கொண்டு கரையேறினார்கள். வடிவாம்பாளின் தங்கை தைலம்மை, குட்டியை வயிற்றோடு அணைத்தபடி ஓர் எருமையின் கொம்பைப் பற்றித் தப்பினாள்.

விசாரணை நடந்தது. “கணக்குப் போடும்போது கை அசைஞ்சதா?” என்று கேட்டார் நரியார்.

“இல்லைங்க,” என்றன நனைந்த ஆடுகள்.

“அப்போ கணக்கு சரி. ஆத்துலதான் ஏதோ தப்பு.”

பாம்பு பதவி உயர்வு பெற்று வேறு துறைக்குப் போனது. காலியான இடத்துக்கு வடிவாம்பாள் மறுபடி தேர்வுக்கு வந்தாள். கையைக் கட்டிக்கொண்டாள். கேள்வி காதில் விழுவதற்குள், “தாராளமா ஏறலாங்கய்யா,” என்றாள்.

“இப்பதான் வளர்ந்தவங்க மாதிரி இருக்கீங்க,” என்றார் நரியார்.

மாலையில் தைலம்மை குட்டியோடு துறைக்கு வந்தாள். “நீ இருக்கிற தைரியத்துல ஏறலாமாக்கா?” என்று கேட்டாள்.

வடிவாம்பாள் வரிசையில் நின்ற அத்தனை பேரையும் பரிசலில் ஏற்றி அனுப்பினாள். பிறகு தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றுவழியாகப் பாலத்துக்கு நடந்தாள்.

நீதி: வளர்ந்தவர்கள் கையை ஆட்டாமல் கணக்குப் போட வேண்டும், வீட்டு ஆட்களை மட்டும் பாலத்தின் வழியாக அனுப்ப வேண்டும்.