இவ்விடம் மிஷின்கள் அனைத்தும் நலம்

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மருமகளின் தகப்பன் பணிவோடு எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் நலம் என்று எழுதுவதுதான் முறை என்பதால் நலம். அவ்விடம் நீங்களும், பேரனைப் பார்த்துக்கொள்ள வெளிநாடு போயிருக்கும் சம்பந்தி அம்மாளும் அவரவர் இருக்கும் இடத்தில் சுகமாக இருக்க வேண்டுகிறேன். கையில் போன் இருக்கும்போது இந்த மனிதர் எதற்குத் தபால் தலையை நக்கி ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்று நீங்கள் நினைக்கலாம். போன் செய்தால் நீங்கள் எடுக்காமல் விட்டுவிடலாம். கடிதத்தைத் தபால்காரர் உள்ளே போட்டுவிட்டுப் போய்விடுவார், நீங்கள் என்ன செய்ய முடியும்? ஓய்வு பெற்றாலும் தலைமையாசிரியர் தலைமையாசிரியர்தான். எழுதிய தாள் ஒன்று கைக்கு வந்தால் அதைத் திருத்தாமல் வைக்க உங்களால் ஆகாது. சிவப்புப் பேனா வேண்டுமானால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இது சமாதானக் கடிதம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் சொல்லி யார் செய்தது, அதனால் என் வீடு என்ன கதிக்கு ஆளானது என்பதை உங்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நம் பிள்ளைகளின் கல்யாணத்தின்போது நாம் இருவரும் பேசிக்கொண்டதை எல்லாம் சேர்த்தாலும் ஒரு தபால் அட்டைக்குக் காணாது. அவர்கள் வெளிநாடு கிளம்பும்போது, மாமாவுக்கு அடிக்கடி போன் போட்டு விசாரியுங்கள் அப்பா என்று என் மகள் சொல்லிவிட்டுப் போனாள். ஒரு சாயங்காலம் கூப்பிட்டேன். சாப்பிட்டாச்சா, உடம்பு எப்படி, மழை உண்டா என்று கைவசம் இருந்த சரக்கெல்லாம் ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோனது. "அப்புறம்?" என்றீர்கள். "அப்புறம் நீங்கதான் சொல்லணும்" என்றேன். அதற்குமேல் இருவரும் மூச்சு விடுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. என் வாய் சும்மா இருக்காமல், துணி துவைக்கிற மிஷின் கொஞ்சம் குதிக்கிறது என்று சொல்லித் தொலைத்தது. உங்கள் குரலே மாறிவிட்டது. எந்தப் பக்கம் குதிக்கிறது, பிழியும்போதா அலசும்போதா, நான்கு காலும் தரையில் படுகிறதா என்று என்னைக் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்தீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் இதே வியாதி இருந்ததாம், நீங்களே குணப்படுத்தினீர்களாம். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நம் பேச்சுக்குப் பஞ்சம் இல்லாமல் போனது, என் வீட்டுக்குத்தான் நேரம் சரியில்லாமல் போனது.

மிஷினின் முன்னங்கால் இரண்டுக்கும் கீழே பழைய ரப்பர் செருப்பை வெட்டி வைக்கச் சொன்னீர்கள். சம்பந்தி, நான் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரான் நிலத்தை எல்லாம் மட்டம் பார்த்தவனுக்கு என் வீட்டுத் தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியாதா? பின்பக்கம்தான் பள்ளம், தூக்க வேண்டியது பின்னங்காலை. ஆனால் மாப்பிள்ளையின் அப்பா ஒன்றைச் சொல்லி, பெண்ணின் அப்பா அதைத் தப்பு என்றால் பேச்சு மிஷினோடு நிற்காது, என் மகள் வரைக்கும் போகும் என்று எனக்குள் ஊறிப்போன பயம். ஆகவே சரிங்க சம்பந்தி என்று சொல்லி, நல்ல செருப்பு ஒன்றை வெட்டி, தெரிந்தே முன்னங்காலைத் தூக்கி வைத்தேன். பக்கத்திலேயே நின்று கவனிக்கச் சொல்லியிருந்தீர்கள் என்பதால் துவைக்கும் அறைக்குள் நின்று கண்ணும் கருத்துமாகக் கவனித்தேன். பிழியும் கட்டம் வந்ததும் அது புறப்பட்டது. உறுமிக்கொண்டே அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கதவில் சாய்ந்து நின்றுகொண்டது. கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. நான் உள்ளே, போன் வெளியே. பலன் என்ன ஆயிற்று என்று கேட்க நீங்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது எனக்குக் கேட்டது. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் அதை டிவி சத்தம் என்று நினைத்துத் தன் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். கடைசியில் ஈரத் துணியை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டுப் பாரத்தைக் குறைத்து, முதுகைக் கொடுத்துத் தள்ளி வெளியே வந்து போனை எடுத்தால், "என்ன சம்பந்தி, ஆட்டம் நின்னுடுச்சா?" என்றீர்கள். நின்றுவிட்டது என்றேன். பொய் இல்லை, வருகிற வழியில் அது தன் பிளக்கைத் தானே பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. என் மனைவி இருந்தவரை அந்த மிஷின் ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை. அவள் அதை என்ன செய்து அடக்கி வைத்திருந்தாள் என்று நான் ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை, இனிமேல் கேட்கவும் வழியில்லை.

அடுத்தது ஃபிரிட்ஜ். கதவு சரியாக மூடவில்லை என்று சொன்னேன். ரப்பர் விறைத்துப்போயிருக்கும், முடி உலர்த்துகிற மிஷினால் லேசாகச் சூடு காட்டினால் இளகிவிடும் என்றீர்கள். என் தலையை நீங்கள் கல்யாணத்திலேயே பார்த்திருக்கிறீர்கள். அந்த மிஷினுக்கு இந்த வீட்டில் என்ன வேலை? இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். ரப்பர் இளகத்தான் செய்தது. இளகி, கதவோடும் ஃபிரிட்ஜின் உடம்போடும் சேர்ந்து ஒட்டி இறுகிவிட்டது. பால், தக்காளி, ரத்தக்கொதிப்பு மாத்திரையை வைத்திருந்த டப்பா எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. மாத்திரையை ஃபிரிட்ஜில் ஏன் வைத்தேன் என்று கேட்காதீர்கள், அதுவும் நீங்கள் சொன்னதுதான். சாயங்காலம் கூப்பிட்டுக் கதவு இப்போது நன்றாக மூடுகிறதா என்று கேட்டீர்கள். பிரமாதமாக மூடுகிறது என்று சொல்லிவிட்டு பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

நான் மட்டும் யோக்கியன் என்று சொல்லவில்லை. உங்கள் வாசல் கேட் கிறீச்சிடுகிறது என்றபோது சமையல் எண்ணெய் போடச் சொன்னவன் நான்தான். ஊரில் உள்ள எறும்பெல்லாம் கேட் வழியாக வரிசையில் வந்து உங்கள் பீரோ வரைக்கும் போனதையும் அறிவேன். அதை நீங்கள் கோபமில்லாமல்தான் சொன்னீர்கள், நானும் சிரிக்காமல்தான் கேட்டேன். அதற்குப் பதில் மரியாதையாகத்தான் காலிங் பெல்லை மாற்றச் சொல்லித் தந்தீர்கள் போலிருக்கிறது. குருவி மாதிரிக் கத்துகிற பெல் வாங்கி, வீடியோவில் நீங்கள் ஒவ்வொரு வயராகக் காட்டச் சொல்ல, நான் காட்டக் காட்ட, நாம் இருவரும் சேர்ந்து மாட்டினோம். அன்றிலிருந்து ஹாலில் ஃபேன் சுவிட்சைப் போட்டால் குருவி கத்தியது. வாசலில் யாராவது பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. இதை உங்களிடம் சொல்லாததற்குக் காரணம் உண்டு. ஃபேனைப் போட்டதும் குருவி கத்தும், நான் எழுந்து போய்க் கதவைத் திறப்பேன். கத்த வைத்தது என் விரல்தான் என்று தெரியும், தெரிந்தும் போவேன். யாரும் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் அந்த ஹாலிலிருந்து வாசல்வரை நடக்கிறபோது யாரோ வந்திருப்பதாக ஒரு நினைப்பு இருக்கும், அது எனக்கு வேண்டியிருந்தது.

இனி நம் சண்டைக்கு வருகிறேன். என் பிறந்த நாளுக்கு நீங்கள் டிரில் மிஷின் பார்சல் அனுப்பினீர்கள். அந்தத் தேதி என் மகளுக்கே அன்று சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது. குளியலறையில் துண்டு போடுகிற கம்பியை மாட்டிக் கைராசி பார்க்கலாம் என்று, போனை ஜன்னலில் சாய்த்து வைத்து, நீங்கள் சொன்னபடி சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினேன். அந்த இடம்தான் கெட்டி, போடுங்கள் என்றீர்கள். போட்டேன். அது தண்ணீர்க் குழாய். முகத்தில் பீய்ச்சி அடித்தது. பதறாமல் விரலால் அடைத்துக்கொள்ளச் சொன்னீர்கள், அடைத்துக்கொண்டேன். தண்ணீரை நிறுத்துகிற வால்வு மொட்டை மாடியில், விரல் சுவருக்குள். நான் இந்தக் கோலத்தில் நிற்கும்போது, தண்ணீர் ஏன் மேலிருந்து அழுத்தத்தோடு வருகிறது என்று மலை, ஆறு, அணைக்கட்டு என்று ஆரம்பித்துப் பாடம் நடத்தினீர்கள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. சம்பந்தி என்று கூப்பிட வேண்டியவரை சார் என்று கூப்பிட்டேன். "சார், நான் உங்க கிளாஸ் பையன் இல்லை. இனிமே உங்க யோசனையே எனக்கு வேண்டாம். தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டுப் பாத்துக்கறேன்." நீங்கள் மெதுவாக, "சரிங்க" என்று மட்டும் சொன்னீர்கள். படம் அணைந்துபோனது. அதற்குப் பிறகு நீங்கள் கூப்பிடவே இல்லை.

விரலை எடுத்துவிட்டு நனைந்தபடி மாடிக்கு ஓடி வால்வை மூடி, தெரிந்த ஆளைக் கூப்பிட்டேன். பிளம்பர் வந்தார், மெக்கானிக் வந்தார். மெக்கானிக் ஃபிரிட்ஜைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்து, "யார் சார் இப்படியெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. என் சம்பந்தி, பெரிய படிப்பாளி, அவர் சொன்னது சரிதான், செய்தவன் செய்யத் தெரியாதவன் என்று அவரை ஒரு பிடி பிடித்தேன். அவர் வாயை மூடிக்கொண்டு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது மிஷின் நின்ற இடத்தில் நிற்கிறது. ஃபிரிட்ஜ் திறக்கிறது, மூடுகிறது. ஃபேனைப் போட்டால் காற்று மட்டும் வருகிறது. வாசலில் அழுத்தினால் குருவி கத்தும், அழுத்துவதற்குத்தான் ஆள் இல்லை. வீடே ஊமையாகிவிட்டது. முன்பெல்லாம் காலையில் எழுந்ததும் இன்றைக்கு எது கெட்டிருக்கிறது, சாயங்காலம் உங்களிடம் என்ன சொல்லலாம் என்று ஒரு சுற்று வருவேன். இப்போதும் வருகிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது. சாயங்காலம் ஆனால் போனைத் துடைத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்காருகிறேன். அது கெட்டுவிட்டதோ என்று பக்கத்து வீட்டு அம்மாவை விட்டு ஒரு தடவை அடிக்கச் சொல்லிப் பார்த்தேன், நன்றாகத்தான் அடிக்கிறது.

போன ஞாயிறு மகள் கூப்பிட்டாள். பேரன் திரையை நக்கினான், அதனால் அவன் நாக்கைத்தான் பார்க்கக் கிடைத்தது. நடுவில் அவள், "மாமாகிட்ட பேசறீங்களாப்பா?" என்று கேட்டாள். தினமும் பேசுகிறேன் என்று கூசாமல் புளுகினேன். அதற்கு அவள், "ஆமா, மாமாவும் சொன்னாங்க. நேத்துகூட மிக்ஸி பத்தி ரொம்ப நேரம் பேசினீங்களாமே" என்றாள். ஆமாம் ஆமாம், மிக்ஸி பற்றித்தான் என்று சமாளித்து வைத்தேன். சம்பந்தி, பேசாத பேச்சை நீங்கள் அங்கே உட்கார்ந்து சொல்லியிருக்கிறீர்கள். தலைமையாசிரியர் ஒருவர் என் பொருட்டுப் பொய் சொல்ல வேண்டி வந்ததே என்றுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே உங்கள் வார்த்தை பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக மட்டும் தெரிவித்துக்கொள்வது: என் வீட்டு மிக்ஸியில் ஒரு கோளாறு இருக்கிறது. ஜாரை வைத்துப் பூட்டிச் சுவிட்சைப் போட்டால் முதலில் கர்ர் என்கிறது, பிறகு விக்கல் எடுப்பது போல விட்டு விட்டு ஓடுகிறது, கொஞ்சம் தீய்ந்த வாசனையும் வருகிறது. பெரிய ஜாரில் ஒரு மாதிரி, சின்ன ஜாரில் ஒரு மாதிரி. மெக்கானிக்கைக் கூப்பிட எனக்கு விருப்பமில்லை. நீங்கள் பார்த்து ஏதாவது யோசனை சொன்னால் அதன்படி செய்யச் சித்தமாக இருக்கிறேன், தப்பாக இருந்தாலும் செய்வேன். குழாய் விஷயத்தில் நான் பேசியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

சம்பந்தி அம்மாளிடம் பேசும்போது என் வணக்கத்தைச் சொல்லவும். பேரனுக்கு என் ஆசிகள், அவன் பல்லெல்லாம் நல்லபடியாக முளைக்கட்டும். உங்கள் வீட்டுக் கேட், பீரோ, எறும்புகள் உள்பட அனைவரின் நலத்தையும் விரும்பும்,

உங்கள் மருமகளின் தகப்பன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டு, மனது கேட்காமல் பிரித்து இதை எழுதுகிறேன். மிக்ஸிக்கு ஒன்றும் இல்லை. அதை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், கல் மாதிரி இருக்கிறது, நன்றாக ஓடுகிறது. கர்ர் என்பது, விக்கல், தீய்ந்த வாசனை எல்லாம் நானாகக் கட்டிவிட்டது. இந்த வீட்டில் என்னைத் தவிர எல்லாம் சரியாக இருக்கிறது. தனியாக இருக்க முடியவில்லை சம்பந்தி. சும்மாவே கூப்பிடுங்கள்.