சட்டைப்பையில் இல்லாத பேனா

அன்புள்ள அக்காவுக்குத் தம்பியின் வணக்கம்.

'நலம்' என்று தொடங்கும் வழக்கத்தை இம்முறை தள்ளிவைக்கிறேன். அது இன்னும் உறுதியாகவில்லை. உறுதியானது ஒன்றுதான்: என் பேஸ்மேக்கரின் கம்பி இதயத்தை விட்டுக் கழன்று, இடது மார்பில் தோலுக்கடியில் வைத்த பெட்டியைச் சுற்றிப் பம்பரக் கயிறு போலச் சுருண்டு கிடக்கிறது. ஆதாரம், இன்று காலை எடுத்த எக்ஸ்ரே. நானே பார்த்தேன்.

போன வாரம் இடது தோள் தானாகத் துள்ள ஆரம்பித்தது. இதயத்துக்குப் போகவேண்டிய மின்சாரம் தோளுக்குப் போகிறது என்று யாருக்குத் தெரியும்? உன் தம்பி பெண்டாட்டி "மாத்திரை போட்டீங்களா?" என்றால் தோள் குலுங்கும். "எங்க அண்ணன் வர்றார்" என்றாலும் குலுங்கும். "நான் எதைச் சொன்னாலும் எனக்கென்னன்னு குலுக்கறீங்களே, முப்பத்தெட்டு வருஷம் குப்பை கொட்டினதுக்கு இதான் மரியாதையா?" என்று பேச்சை நிறுத்திவிட்டாள். மூன்றாம் நாள் தலை சுற்றி நாற்காலியோடு நான் சாய்ந்த பிறகுதான் வாய் திறந்தாள், அதுவும் ஆம்புலன்ஸ்காரரிடம்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டினார். "வயசானா தோல் தளர்ந்து உள்ளே இடம் கிடைச்சிடும் ஐயா. ஆனா பெட்டி தானா இத்தனை சுத்து சுத்தாது. நீங்க திருகினீங்களா?"

"அப்படி எதுவும் நடக்கவில்லை" என்றேன். நாற்பது வருஷம் அதிகாரிகள் சொல்ல நிருபனாக நான் எழுதிக்கொண்ட மறுப்பு, நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"பொய் டாக்டர்! டிவி பார்த்தாலும் பேப்பர் படிச்சாலும் வலது கை அங்கேயேதான் கிடக்கும்" என்று இவள் போட்டு உடைத்தாள்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான் முதல் நாள் வேலைக்குக் கிளம்பியபோது என் இடது பையில் நீ செருகிவிட்ட கறுப்புப் பேனா நினைவிருக்கிறதா? "தொலைச்சே, வீட்டுப் பக்கம் வராதே" என்றாய். அந்தப் பயத்திலேயே பேருந்தில், நீதிமன்ற வாசலில், வெள்ளச் செய்திக்காக இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபோதுகூட, தொட்டுத் திருகிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓய்வு பெற்ற அன்று, "இனி எழுத என்ன இருக்கு" என்று உன்னிடமே கொடுத்துவிட்டேன். கைக்கு மட்டும் யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. பேனாவைத் தேடிப் போய்ப் பெட்டியைத் திருகியிருக்கிறது.

இப்போது ஒரு தற்காலிகக் கம்பி தாங்குகிறது. மறு அறுவை நாளை மறுநாள், வியாழன் காலை ஒன்பது மணிக்கு. புதுக் கம்பி பிடித்ததா என்பது நண்பகலுக்குள் தெரியும். எனக்குப் பயமில்லை. முட்டி வலியோடு நீ அலைய வேண்டாம். அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. கடிதத்தை மச்சானிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புத் தம்பி

பி.கு.: 'பயமில்லை' என்று மேலே வந்திருப்பது தவறு, திருத்தி வாசிக்கவும். மச்சான் காரிலேயே கிளம்பி வா. பேனாவையும் எடுத்து வா. இந்தக் கடிதம் முடியும்வரை கை ஒழுங்காக இருந்தது. இப்போது நர்ஸம்மா தன் பேனாவைத் திருப்பிக் கேட்கிறார்.