வால்வு சிடி பிளேயர் வாங்கலாமா என்று கேட்ட மைத்துனனுக்கு

மக்காவ் நகரில் மனைவி மக்களோடு வாழும் மைத்துனன் சிரஞ்சீவி லோ குவொக்-ஹேய்க்கு, ஹாங்காங் ஷாம் ஷுய் போவிலிருந்து உன் அக்காவின் வீட்டுக்காரன் யிப் சுங்-கீ எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உன் அக்காவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அது கீழே வருகிறது. உன் மூட்டுவலியும் உன் வீட்டம்மாவின் கோபமும் தணிந்திருக்க நம் முன்னோர்கள் அருள்வார்களாக.

வால்வு சிடி பிளேயர் ஒன்று வாங்க ஆசைப்படுவதாகவும், அதன் நிறைகுறைகளை ஒளிக்காமல் எழுதும்படியும் கேட்டிருந்தாய். டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற எனக்கு இரும்புச் சத்தம்தான் தெரியும், இசை தெரியாது என்று உன் வீட்டம்மா சொன்னதும் காதுக்கு வந்தது. இருக்கட்டும். கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

குளிர்காலத்தில் உன் அக்கா புய்-லின்னுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போனது உனக்குத் தெரியும். பேச்சு போனாலும் பாட்டு உள்ளே எங்கேயோ இருக்கும், அவருக்குப் பிடித்ததைப் போட்டுக் காட்டுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நம்மிடம் இருந்த பழைய பிளேயரோ மீன் செதில் சுரண்டுகிற மாதிரி பாடும். பாட்டை வைத்ததும் உன் அக்கா நல்ல கையைத் தூக்கிக் காதைப் பொத்திக்கொண்டாள். அப்லியு தெருக் கடைக்காரன்தான், "வால்வு வெச்சது வாங்கு அண்ணே, குரல் கஞ்சி மாதிரி வழுக்கிக்கிட்டு இறங்கும்"னு சொன்னான். வாங்கினேன்.

நிறையை முதலில் சொல்கிறேன். குரல் உண்மையிலேயே வழுக்கிக்கொண்டுதான் இறங்கியது. தட்டைப் படிப்பதென்னவோ எல்லாப் பிளேயரையும் போல லேசர்தான், கடைசியில் வெளியே வரும் சத்தத்துக்குக் கொஞ்சம் நெய் தடவி அனுப்புவது மட்டுமே வால்வின், அதாவது பல்பு மாதிரிச் சூடாகி எரியும் அந்தக் கண்ணாடிக் குழலின், வேலை. ஆனால் அந்த நெய் இருக்கிறதே! நம் நாடகப் பாடகி ஒருத்தி, புருஷனைப் பறிகொடுத்த ராணியாக அழுதுகொண்டே பாடுவாள், அதில் அவள் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. உன் அக்கா காதைப் பொத்தவில்லை. அதைவிட, கன்னத்தில் பொலபொலவென்று தண்ணீர் வழிந்தது. உள்ளே பாட்டு இருக்கிறது, கரைகிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

குறை என்று பார்த்தால், முதலில் வால்வு சூடேறும் வரை பிளேயருக்கு முன்னால் கைகட்டி நிற்கணும், மாமியார் வீட்டில் நிற்கிற மாதிரி. அப்புறம் வால்வுக்குக் காது உண்டு மச்சான், விளையாட்டில்லை, மேல்வீட்டு மாக் அம்மா மாஜாங் கட்டைகளைக் கலைத்தால் அந்த அதிர்வு வால்வுக்குள் போய் ஸ்பீக்கர் வழியா 'ணங்'னு வரும். மேலே போய்ச் சொன்னதுக்கு அந்த அம்மா, "யிப் அண்ணே, தினம் தினம் எழவுப் பாட்டாப் போடுறீங்களே, நாங்க மாஜாங் ஆடுறதா, இல்ல கீழ வந்து ஊதுவத்தி ஏத்துறதா?"ன்னு கேட்டு ஊரைக் கூட்டிட்டா. அதிலேருந்து நாங்க முகங்கொடுத்துப் பேசிக்கிறதில்லை. இன்னொரு குறை, சத்தம் அவ்வளவு துல்லியமா வர்றப்போ மத்த சத்தமெல்லாம் பொறுக்கமுடியாமப் போயிடும். ஜன்னலைத் திறந்தா சந்தை இரைச்சல், சாத்தினேன். ஏசி உறுமுது, நிறுத்தினேன். மின்விசிறி கிறீச்சுங்குது, அதையும் நிறுத்தினேன். ஆம்ப்ளிபயரும் வால்வுதான், ரெண்டும் சேர்ந்தா மேலே காலுறை காயப்போடலாம். கோடை வந்தது. நம்ம வீடு எவ்வளவு பெரிசுன்னு உனக்கே தெரியும், நீ வந்தா உன் காலைத் தாண்டித்தான் நான் கழிவறைக்குப் போகணும். எனக்கு ஒண்ணும் தெரியல, நான் பனியனோட இருந்தேன். உன் அக்கா மேல போர்வை போட்டிருந்தேன், நோயாளியாச்சேன்னு.

போன வாரம் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற 'ஹோ'ங்கிற பொண்ணு வந்தது. வழக்கமா ஆஸ்பத்திரியிலதான் பயிற்சி, வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. கதவைத் திறந்ததும் பின்வாங்கிடுச்சு.

"ஐயா, இது வீடா, ஆவியில ரொட்டி வேகவைக்கிற மூங்கில் கூடையா?"

"சத்தம் போடாதே தாயி. அவ பாட்டு கேட்டு அழுதுக்கிட்டிருக்கா."

அந்தப் பொண்ணு கிட்டே போய்க் கன்னத்தைத் துடைச்சுப் பார்த்தது. நெத்தி, கழுத்து, முதுகு, எல்லாத்தையும் தொட்டுப் பார்த்தது.

"அழுறாங்களா? ஐயா, இது வேர்வை. முதுகெல்லாம் வேர்க்குரு வெடிச்சுக் கிடக்கு, பாருங்க."

நான் பார்க்கல, மச்சான். பார்க்க முடியல. அந்தப் பொண்ணு பிளேயரை அணைச்சு, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, போர்வையை உருவிட்டு, குனிஞ்சு கேட்டது: "அம்மா, எப்படி இருந்துச்சு? சொல்லுங்க, மெதுவா." உன் அக்கா வாய் கோணி, இழுத்து, நாக்கைத் தேடித் தேடி, குளிர்காலத்துக்கப்புறம் முதல் வார்த்தை பேசினா.

"சூடு."

அந்தப் பொண்ணு கைதட்டுச்சு. நானும் தட்டினேன். தட்டிக்கிட்டே கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷத்திலா அவமானத்திலான்னு கேக்காதே, அன்னைக்கு ரெண்டும் ஒரே குழாயில வந்தது.

ஆகவே என் முடிவான கருத்து, வாங்காதே. என்னுடையதையும் விற்கப்போகிறேன், கடைக்காரன் நாளை வந்து எடுத்துக்கொள்வான். காதால் கேட்பதற்காக ஒரு பொருளை வாங்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைக் கண்ணால் பார்க்காமல் இருந்துவிட்டேன். உன் வீட்டம்மா சொன்னது சரிதான் என்று அவளிடம் சொல்ல வேண்டாம்.

உன் பிள்ளைகள் பல்லாண்டு வாழ்க. வீட்டில் அரிசியும் உடம்பில் வலுவும் குறையாதிருக்கட்டும். வரும்போது உப்புக் கருவாடு வேண்டாம், அக்காவால் மெல்ல முடியாது.

அன்புடன்,
யிப் சுங்-கீ

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் கடைக்காரன் வந்துவிட்டான். பிளேயரை அவன் தூக்கியதும் உன் அக்கா நாற்காலிக் கையை இடக்கையால் படபடவென்று தட்டினாள். "இருக்கட்டுமா?"ன்னு கேட்டேன். தலையை ஆட்டினாள். ஜன்னலும் மின்விசிறியும் அப்படியே இருக்க, அந்த ராணி பாட்டையே போட்டேன். வெகுநேரம் முயன்று, "வேற" என்றாள். வேறு தட்டு போட்டேன். "வேற." இன்னொன்று. "வேற." அலமாரி முழுக்கத் தீர்ந்துபோனது. எல்லாம் நான் பார்த்து எனக்காக வாங்கியவை. எனவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு, பிளேயர் மேல் ஒரு குற்றமும் இல்லை, நீ தாராளமாக வாங்கு. ஆனால் அதற்கு முன், இதைப் படித்த கையோடு எனக்குப் போன் பண்ணு. எங்கள் கல்யாணத்துக்கு முன்னால், உங்கள் வீட்டில், உன் அக்கா என்ன பாட்டு கேட்பாள்? எனக்குத் தெரியவில்லை.