மணல் மூட்டை ஏற்றிப் பார்த்த கடன் அட்டை

கடல் கடந்து போயும் குரல் குறையாத என் அன்பு மைத்துனனுக்கு, உன் அக்காளைக் கைப்பிடித்தவன் எழுதுவது. இங்கே நான் நலம். உன் அக்காள் என்னைவிட நலம். வீட்டுக்கு வெள்ளையடித்ததால் சுவர்களும் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் அதே அளவுக்குக் குறையாமல் இருப்பீர்கள் என்று நம்பி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ போன தடவை தொலைபேசியில், “அத்தான், அந்த ப்ரீமியம் கிரெடிட் கார்டை வாங்குங்க, செலவு பண்ணப் பண்ணப் புள்ளி சேரும், அந்தப் புள்ளியிலேயே ரெண்டு பேருக்கும் விமான டிக்கெட் வந்துடும், அக்காவைக் கூட்டிட்டு வாங்க” என்று சொன்னாய் அல்லவா? அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. என்னைப் பற்றி உனக்குத் தெரியும். வேலையில் இருந்த காலமெல்லாம் லிஃப்ட்டுகளைப் பரிசோதித்து, ஓடலாமா கூடாதா என்று கையெழுத்துப் போட்டவன் நான். மணல் மூட்டை ஏற்றிப் பார்க்காமல் ஒரு லிஃப்ட்டிலும் ஒரு மனிதரையும் ஏறவிட்டதில்லை. மந்திரியே வந்து கதவுக்கு முன்னால் நின்றபோதும், “ஐயா, முதல்ல மூட்டை, அப்புறம் நீங்க” என்று சொல்லிப் படிக்கட்டைக் காட்டியவன். அப்படிப்பட்டவன், வங்கிக்காரர்கள் பளபளவென்று ஒரு அட்டையைக் காட்டியதும் பல்லை இளித்துக்கொண்டு ஏறிவிடுவேனா?

முதலில் வங்கிக்கே போன் போட்டேன். ஒரு பெண் பேசினாள். நல்ல பெண், குரலில் சர்க்கரை. அட்டை உலோகத்தில் இருக்குமாம். விமான நிலையத்தில் லௌஞ்சு என்று ஒரு தனி அறை உண்டாம், அட்டையைக் காட்டினால் மெத்தை நாற்காலியும் சாப்பாடும் இலவசமாம். மாதம் ஒரு முறை கோல்ஃப் மைதானத்துக்குள்ளும் விடுவார்களாம். அங்கே போய் நான் என்ன செய்ய, புல் பிடுங்கவா? இதையெல்லாம் விட்டுவிட்டு நேராகக் கேட்டேன்: “அம்மா, இதோட சுமைத் திறன் எவ்வளவு? நடுவில நின்னுட்டா அவசரப் பொத்தான் எங்க இருக்கு?” அவள், “கஸ்டமர் கேர் நம்பர் கார்டுக்குப் பின்னாடி இருக்கு சார்” என்றாள். கார்டு தொலைந்துபோனால் நம்பரும் சேர்ந்து தொலையுமே என்றேன். “சார், லைன்ல இருங்க” என்று சொல்லிப் போனவள்தான், இன்னும் திரும்பவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. விண்ணப்பம் போடுவதற்கு முன்னால், அட்டை இருப்பதுபோலவே வைத்துக்கொண்டு கொஞ்ச காலம் வாழ்ந்து பார்ப்பது. அதாவது மணல் மூட்டை. உன் அக்காள் வீட்டிலேயே நடத்தும் தையல் கடையில் கிடந்த சட்டைப் பெட்டி அட்டையை அளவாக வெட்டி, பிஸ்கட் பொட்டலத்தின் வெள்ளித்தாளைச் சுற்றி, என் பெயரை எழுதிக்கொண்டேன். நான் வாடிக்கையாளன், அவள் வங்கி. எது வேண்டுமானாலும் நான் இந்த அட்டையைத் தையல் மேசையின் விளிம்பில் தேய்ப்பேன். அவள் வாயாலேயே “டிட்” என்பாள். கடைக்காரர்களுக்கு அவள் தன் தையல் வருமானத்திலிருந்து கொடுத்துவிடுவாள், மாதக் கடைசியில் நான் என் பென்ஷனிலிருந்து அவளுக்குக் கட்டிவிட வேண்டும். சேரும் புள்ளிக்குச் சட்டைப் பொத்தான். செலவுக்குத் தகுந்தபடி ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு வைப்போம்.

திட்டத்தைச் சொன்னதும், ‘உங்களுக்கு வேற வேலை இல்லையா’ என்று கேட்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன். ஆனால் அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! “நீங்க தேச்சுக்கிட்டே இருங்க. கடையில குடுக்கறதை நான் பாத்துக்கறேன்” என்றாள். கல்யாணமான நாள் முதல் என் யோசனை ஒன்றை அவள் முழு மனதாக ஏற்றுக்கொண்டது இதுதான் முதல் தடவை. எனக்கு ஒரே பெருமை.

அதன்பிறகு நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், கேள். வங்கி என்றால் அடையாளம் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி, முன்பு நீ வற்புறுத்தி எடுக்கவைத்து பீரோவில் தூங்கிக்கொண்டிருந்த என் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டாள். போட்டோ எடுத்து வரச் சொன்னாள், காதுகள் தெரிய வேண்டுமாம். கையெழுத்துக் கேட்ட இடத்திலெல்லாம் போட்டேன். வங்கிகள் இப்படித்தானே செய்கின்றன என்று மெச்சிக்கொண்டேன். பிறகு ரகசிய எண். நான் அட்டையைத் தேய்த்ததும் அவள் சமையலறையிலிருந்து ஒரு எண்ணைக் கத்துவாள், நான் அதைத் திருப்பிக் கத்த வேண்டும். ஒரு நாள் எனக்கு மறந்துபோய்த் திருதிருவென்று விழித்தபோது, எதிர்வீட்டுக்காரர் தன் ஜன்னலிலிருந்து எண்ணைச் சரியாகச் சொன்னார். உடனே உன் அக்காள் மோசடி நடந்திருப்பதாகச் சொல்லி என் அட்டையை முடக்கிவிட்டாள்.

முடங்கிய அட்டையைத் திறக்கக் கஸ்டமர் கேரைக் கூப்பிட வேண்டுமாம். கஸ்டமர் கேர் எது என்றால் வாசல் அழைப்பு மணி! என் வீட்டு வாசலில், என் செருப்பை மாட்டிக்கொண்டு, என் மணியை நானே அடித்துவிட்டு நிற்கிறேன். உள்ளேயிருந்து அவள் ஒரு மெட்டை முனகுகிறாள். முனகல் நின்று, “உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது” என்கிறாள். மறுபடி முனகல். சட்டைக்குக் காலர் வைத்து முடிக்கும்வரை இதேதான். தெருவில் போனவர்கள், “என்ன சார், வீட்ல சண்டையா?” என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

புள்ளிகளாவது கைகொடுத்ததா? ஜாடி கழுத்துவரை பொத்தான். அதைக் கொடுத்து இரண்டாவது டீ கேட்டேன். இந்தச் சலுகை காலையில் மட்டுமே என்றாள். மின்விசிறிக்குக் கீழே இருக்கும் மெத்தை நாற்காலிதான் லௌஞ்சு என்று முதலிலேயே பேசியிருந்தோம். அங்கே போனால் அளவு கொடுக்க வந்த ஒரு அம்மாள் உட்கார்ந்திருக்கிறார். “லௌஞ்சு நிரம்பி இருக்கு, காத்திருங்க” என்றாள் உன் அக்காள், வாயில் குண்டூசியோடு. முதல் மாதக் கெடு ஒரு நாள் தவறியதற்கு அபராதமாக மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவவைத்தாள். இறங்கி வந்தால், பரிசோதனை என்றால் முழுச் சுமை ஏற்றிப் பார்க்க வேண்டாமா என்று என் பாடத்தையே எனக்கு ஒப்பித்து, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த வெள்ளையடிப்பு, புது மோட்டார், உடைந்த ஜன்னல் எல்லாவற்றுக்கும் என்னை அட்டையைத் தேய்க்கவைத்தாள். தேய்த்துத் தேய்த்து வெள்ளித்தாள் கிழிந்தே போனது.

ஆகவே மச்சான், எல்லாக் கோணத்திலும் பார்த்து நான் எடுத்த முடிவு இது: இந்த அட்டை பரிசோதனையில் தோற்றுவிட்டது. விண்ணப்பம் போடப் போவதில்லை. நீயும் இனி அந்தப் பேச்சை எடுக்காதே.

இவ்வளவு எழுதிய பிறகு உன்னிடம் எதற்கு ஒளிக்க வேண்டும். எனக்கு அட்டையைவிட அந்த விமானத்தை நினைத்தால்தான் பயம். லிஃப்ட்டுக்குக் கயிறு உண்டு. ஒன்று அறுந்தால் தாங்க இன்னும் சில கயிறுகள் உண்டு. விமானத்தை மேலே யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? கப்பலில் போகலாமே என்று உன் அக்காளிடம் கேட்டதற்கு, அவள் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். துணி காயப்போட மாடிக்குப் போகிறவள், விமானம் போனால் கையில் இருக்கும் துணியைப் பிழியாமல் அப்படியே நிற்கிறாள். நீ புது வீட்டைப் போனில் காட்டினாயே, அன்று சமையலறைச் சுவரின் நிறத்தைத் தொட்டுப் பார்க்கிறேன் என்று திரையில் விரலை வைத்து அழைப்பைத் துண்டித்தது அவள்தான். நீ நெட்வொர்க்கைத் திட்டியிருப்பாய். அதற்குப் பிறகு அவள் வெகுநேரம் தைக்க உட்காரவே இல்லை. அதைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் கயிறு இல்லையே மச்சான், நான் என்ன செய்யட்டும்?

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள். நீங்கள் எல்லோரும் நடுவழியில் நிற்காமல், கதவு இடுக்கில் மாட்டாமல், படிப்படியாக மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உறுதி குலையாத உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி உறையில் போட்டு, ஒட்டி அனுப்பச் சொல்லி உன் அக்காளிடம் கொடுத்தேன். “தபால் எதுக்கு? கையோட கொண்டுபோய்க் குடுத்துடலாம்” என்றாள். பிறகு ஜாடியைத் தூக்கி மேசையில் கவிழ்த்தாள். பொத்தான்கள் எல்லாம் சிதறி ஓட, அடியிலிருந்து ‘டங்’கென்று விழுந்தது ஒரு உலோக அட்டை. அசல். அவள் பெயரில். நான் வெள்ளித்தாளைத் தேய்த்தபோதெல்லாம் அவள் கடைக்காரர்களிடம் அசலைத் தேய்த்திருக்கிறாள். வெள்ளையடிப்பும் மோட்டாரும் ஜன்னலும் புள்ளிகளாகி, புள்ளிகள் இரண்டு டிக்கெட்டாகிவிட்டன. என் பாஸ்போர்ட்டில் உன் நாட்டு விசாவும் குத்தியாகிவிட்டது. “நீங்கதானே வேணாம்னீங்க? நான் சொல்லவே இல்லையே” என்கிறாள். அந்த அட்டையில் அவளைச் சேர்த்துவிட்டதற்கு உனக்கும் புள்ளி வந்ததாமே, நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்.

இதை விமான நிலைய லௌஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டாவது டீ இங்கே கேட்காமலே தருகிறார்கள். ஆனால் நான் டீயைக் குடிக்காமல், கண்ணாடி வழியே விமானத்துக்கு எங்காவது கயிறு தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கவனித்துவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க முறைப்படியே செய்வோம். நான்தான் மணல் மூட்டை. முதல்ல நான் ஏறி உக்கார்றேன். ஒண்ணும் ஆகலைன்னா நீங்க வாங்க” என்றாள்.

பின்குறிப்புக்குப் பின்குறிப்பு: விமானத்தின் வாசலில் நின்றபடி எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அவள் உள்ளே போய் ஜன்னலோரமாக உட்கார்ந்து, பெல்ட்டும் போட்டுவிட்டாள். பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருக்கிறாள். சுமை சரியாக ஏறியிருக்கிறது, வண்டி அசையவில்லை, அவள் சிரிக்கிறாள். இதற்கு மேல் நான் பார்க்க வேண்டிய பரிசோதனை எதுவும் இல்லை. ஏறுகிறேன்.