இரங்கல் போஸ்டரும் இருண்ட திரையும்

அச்சிலிருந்து வந்த முதல் போஸ்டரைத் தூக்கிப் பிடித்த கூட்டாளி நிமோ, "என்ன மச்சான், மனுசன் மாவு மூட்டைக்குள்ள விழுந்தா செத்தாரு?" என்றான்.

அடொமாகோவுக்குச் சுருக்கென்றது. குமாசியில் இரங்கல் போஸ்டர் என்றால் அவன் கடைதான். லேப்டாப் திரை காலையிலிருந்தே மங்கல். அதனால்தான் படத்தில் வெளிச்சத்தைக் கூட்டினான். செத்தவர் வீட்டிலிருந்து வந்ததோ குடும்பமே கூட்டமாக நின்ற கல்யாணப் படம். அந்த மங்கலில் செத்தவர் முகத்தைத் தேடி வெட்டி எடுத்ததே பெரும்பாடு.

செத்தவரின் தம்பி ஒப்போங் அக்ராவிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். "நான் வந்து இறங்குறப்ப ஊரெல்லாம் அண்ணன் முகம் இருக்கணும். இல்லேன்னா உன் கடைய நாறடிச்சிருவேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

அடொமாகோ வெளிச்சத்தைக் குறைத்தான். அடுத்த போஸ்டரில் பல் மட்டும்தான் தெரிந்தது.

"இப்ப கரி மூட்டை" என்றான் நிமோ. "ரிப்பேருக்குக் குடுத்துத் தொலையேன்."

"குடுத்தா வாரக்கணக்குல வச்சுக்குவான். என்ன கோளாறுன்னு நான் கண்டுபிடிக்கல, என் பேரு அடொமாகோ இல்ல."

பொத்தான்களை மாற்றி மாற்றி அமுக்கினான். மங்கல் மாறவில்லை. திரைக்கான மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினான். திரை மேலும் மங்கியது. மூடியை இரண்டு தட்டுத் தட்டினான். அடியோடு இருண்டது.

"முன்னாடி மங்கலாவாவது இருந்துச்சு" என்றான் நிமோ.

அடொமாகோ விடவில்லை. கதவைச் சாத்திவிட்டு, டார்ச்சைத் திரைமேல் சாய்த்து அடித்தான். உள்ளே அந்த முகம் நிழலாகத் தெரிந்தது.

"பாத்தியா? படம் இருக்கு. பின்னால எரியற விளக்குதான் போயிருச்சு."

அதையும் சும்மா நம்பிவிடுவானா? பக்கத்துச் சடை பின்னும் கடைக்குள் நுழைந்து டி.வி.யைப் பெயர்த்துக்கொண்டு வந்தான். பாதிச் சடையோடு நாடகம் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் திட்டியது தெருமுனைவரை கேட்டது. லேப்டாப்பை டி.வி.யோடு இணைத்தான். முகம் பளிச்சென்று வந்தது. கோளாறு திரையில்தான் என்பது உறுதியாயிற்று.

டி.வி.யைப் பார்த்தே நிறத்தைச் சரிசெய்து, அச்சடித்து, கெஜெட்டியா சந்தைவரை ஒட்டி முடித்தார்கள். அடொமாகோவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கடைசிப் போஸ்டரைத் தன் கடை வாசலிலேயே ஒட்டினான்.

எதிரே கென்கே என்னும் சோளமாவு உருண்டை விற்கும் டுஃபி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"எப்படிக்கா இருக்கு? ஆளு உயிரோட நிக்கிற மாதிரி இல்ல?"

"நிக்கிறதா? இந்த ஆளு இப்பத்தான் எங்கிட்ட ரெண்டு கென்கே தின்னுட்டு, அண்ணனுக்குப் போஸ்டர் அடிச்ச கடை எங்கேன்னு கேட்டுட்டு இருக்காரு."